ராஜஸ்தான் கோட்டை ஓட்டலில் தங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெய்ப்பூர், உதய்ப்பூர் நகரங்களுக்குள் இருக்கும் அரண்மனை ஓட்டல்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாயிற்று. இங்கே பேசப்போவது நாட்டுப்புறக் கோட்டைகள்: நீம்ரானா, கேஸ்ரோலி, மண்டாவா, கீம்சர், தேவ்கட், தேல்வாடா, பிஷன்கட், பர்வாடா போன்றவை. ஊர் சிறியது, கோட்டை பெரியது, பக்கத்தில் வேறு நல்ல ஓட்டல் கிடையாது. அதனால் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகம்.

கோட்டை என்று பெயர் வைத்ததெல்லாம் கோட்டைதானா?

இல்லை. ‘ஃபோர்ட்’, ‘கட்’, ‘மஹால்’ என்ற பெயரில் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கட்டிய ரிசார்ட்டுகளும் நெடுஞ்சாலை ஓரங்களில் நிற்கின்றன. கட்டிய ஆண்டைக் கேளுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டில் ‘ஹெரிடேஜ்’ என்ற தகுதிக்குக் கட்டடம் 1950க்கு முந்தையதாகவும் குறைந்தது 5 அறை உள்ளதாகவும் இருக்க வேண்டும். ‘ஹெரிடேஜ் கிளாசிக்’, ‘ஹெரிடேஜ் கிராண்ட்’ என்ற மேல் தகுதிகளுக்கு 1935க்கு முந்தைய கட்டடமும் குறைந்தது 15 அறையும் வேண்டும். இந்தச் சான்று வயதையும் வசதியையும் பற்றியது. சேவை எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது.

இந்தக் கோட்டைகள் எப்படி ஓட்டல்கள் ஆயின?

பெரும்பாலானவை மகாராஜாக்களுடையவை அல்ல. அவர்களுக்குக் கீழிருந்த தாக்கூர்கள், ராவத்துகள் என்ற ஜாகீர்தார்களுடையவை (கிராமங்களின் வருவாயை மானியமாகப் பெற்றவர்கள்). 1952இல் ராஜஸ்தான் ஜாகீர் ஒழிப்புச் சட்டம் வந்ததும் அவர்களுக்குக் கிராம வருவாய் நின்றது. 1971 வரை சமஸ்தான மன்னர்களுக்குக் கிடைத்த மன்னர் மானியமும் இவர்களுக்குக் கிடையாது. நூறு அறைக் கட்டடத்துக்கு வருடா வருடம் சுண்ணாம்பு அடிக்கக்கூட வழியில்லாமல் போனது. சிலர் விற்றார்கள், சிலர் பூட்டிவிட்டுக் கீழே சிறிய வீட்டுக்குக் குடிபோனார்கள், சிலர் பாதியில் தாங்கள் இருந்துகொண்டு மீதியில் விருந்தினரை வைத்தார்கள்.

1464இல் எழுந்த நீம்ரானா பல பத்தாண்டு பாழடைந்து கிடந்த பிறகு அமன் நாத், ஃபிரான்சிஸ் வாக்ஜியார்க் இருவராலும் செப்பனிடப்பட்டு 1991இல் ஓட்டலாகத் திறந்தது. பிறகு வந்த பல கோட்டை ஓட்டல்களுக்கு அதுதான் முன்மாதிரி. (தரங்கம்பாடியில் கடலோர பங்களாவை ஓட்டலாக்கியதும் இவர்களுடைய நிறுவனம்தான்.)

எனக்கு எந்தக் கோட்டை பொருந்தும்?

முதலில் மலைக்கோட்டையா, ஊர்க்கோட்டையா என்று முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதைத் தொடர்ந்து வரும்.

மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் கோட்டைகள் நீம்ரானா, பிஷன்கட், தேல்வாடாவின் தேவிகட் ஆகியவை. காட்சி பிரமாதம், படிகள் ஏராளம். இவற்றில் பிஷன்கட் குடியிருப்பாக இல்லாமல் காவல் கோட்டையாகக் கட்டப்பட்டது. 2017இல் ஓட்டலானபோது உள்ளே லிஃப்ட் வைத்தார்கள். துப்பாக்கி நீட்டும் பிளவுகள் சுவர்களில் அப்படியே இருக்கின்றன. தேவிகட் வெளியே 18ஆம் நூற்றாண்டு, உள்ளே வெள்ளைப் பளிங்கில் முழுக்க நவீனம். பழைய மரக்கட்டிலும் வண்ணக் கண்ணாடியும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அது ஏமாற்றம்தான்.

ஊர் நடுவே அல்லது சமவெளியில் இருப்பவை மண்டாவா (1755), கீம்சர் (1523), தேவ்கட் மஹால் (1670). இவற்றில் பழைய குடும்பங்களின் கை இன்னும் இருக்கிறது. சில மாலைகளில் வீட்டுக்காரரே முற்றத்தில் வந்து உட்கார்ந்து பேசுவார். மண்டாவாவில் கோட்டையைவிட வெளியே தெருவில் இருக்கும் மார்வாடி வணிகர்களின் ஓவியம் தீட்டிய ஹவேலி மாளிகைகளுக்குத்தான் அதிக நேரம் தேவைப்படும். ரண்தம்போர் புலிக்காட்டோடு சேர்த்துப் போவதென்றால் சவாய் மாதோப்பூர் பக்கமுள்ள பர்வாடா. செலவிலும் இந்தப் பட்டியலின் மேல்நுனி அதுதான்.

முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை: வயதானவர்கள் கூட வந்தால் ஊர்க்கோட்டை, இல்லையென்றால் மலைக்கோட்டை. இரண்டு இரவு போதும். ஒரே இரவு தங்கினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியதுதான் நினைவில் நிற்கும்.

‘டீலக்ஸ்’ அறை போட்டேன், அதே விலையில் இன்னொருவருக்கு இருமடங்கு பெரிய அறை. ஏன்?

இதுதான் அதிகம் வரும் புகார். ஓட்டலாகவே கட்டிய கட்டடத்தில் ஒரு மாடி அறைகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். கோட்டையில் ஒரு அறை ராணியின் உப்பரிகையாக இருந்திருக்கும், அடுத்தது தானியக் கிடங்கு, அதற்கடுத்தது காவலர் கொட்டடி. பழைய அறைகளோடு சேர்ந்த குளியலறை அப்போது கிடையாது. பின்னால் கிடைத்த மூலையில் நுழைத்தார்கள். அதனால்தான் சில அறைகளில் குளியலறைக்கு நான்கு படி இறங்க வேண்டும், சிலவற்றில் ஷவர் ஜரோக்கா மாடத்துக்குள் (சுவரிலிருந்து வெளியே நீட்டிய ஜன்னல் மாடம்) நிற்கும், சிலவற்றில் ஜன்னலே இருக்காது.

ஆகவே ‘டீலக்ஸ்’, ‘ராயல்’ என்ற தட்டுகளைப் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள். பல கோட்டைகளில் ஒவ்வொரு அறைக்கும் தனிப்பெயர் உண்டு. நீம்ரானாவில் எல்லாம் ஏதாவதொரு ‘மஹால்’ என்று முடியும். தளத்தில் விலை பார்த்துவிட்டு, ஓட்டலுக்கே நேராகத் தொலைபேசியில் பேசி இவற்றைக் கேளுங்கள்:

- வரவேற்பிலிருந்து அந்த அறைக்கு எத்தனை படி? அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு எத்தனை?
- அறைக்குள்ளேயே படி உண்டா? படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவில் உண்டா?
- ஜன்னல் வெளியே பார்க்கிறதா, முற்றத்தையா?
- மேலே மொட்டை மாடியா, இன்னொரு அறையா?
- பழைய கட்டடமா, பின்னால் சேர்த்த பகுதியா?

கடைசிக் கேள்வி முக்கியம். பல கோட்டைகளில் புதிய பகுதியும் உண்டு. அங்கே குளியலறை நன்றாக இருக்கும், சுவர் மட்டும் செங்கலும் சிமென்ட்டும். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். தெரியாமல் போய்ச் சேருவதுதான் சிக்கல். பதில் கிடைத்ததும் அறையின் பெயரை மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு வரவேற்பு மேசையில் செல்லாது.

முழங்கால் வலி உள்ள அம்மா, அப்பாவை அழைத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் படிகளின் தன்மை தெரிந்து போங்கள். கோட்டைப் படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று 6 அங்குலம், அடுத்தது 10 அங்குலம் என்று மாறும். கைப்பிடிச் சுவர் பல இடங்களில் கிடையாது. வாசற்பாதை சரிவாகவும் செங்கோணத்தில் திரும்பித் திரும்பியும் போகும். யானையும் குதிரையும் வேகம் பிடித்து ஓடிவந்து கதவில் மோதாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. இன்று அந்தத் திருப்பத்தில்தான் சக்கர நாற்காலி மாட்டிக்கொள்கிறது.

கார் எதுவரை வரும், அங்கிருந்து பேட்டரி வண்டி உண்டா என்று கேளுங்கள். வரவேற்பு இருக்கும் தளத்திலேயே அறையும், அதே தளத்தில் காலை உணவும் கிடைக்குமென்றால் தாராளமாகப் போகலாம். அறை மட்டும் கீழே இருந்து, சாப்பாடு நான்கு அடுக்கு மேலே என்றால் மூன்று வேளையும் ஏற வேண்டும். அறைக்கே உணவு வருமா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வாசல்கள் குள்ளமானவை, நிலைப்படி உயரமானது. தலையில் இடிப்பதும் காலில் தட்டுவதும் முதல் நாள் இரவில்தான் நடக்கும். கழிவறை விளக்கை எரியவிட்டே தூங்குங்கள்.

சின்னக் குழந்தைகள்?

மொட்டை மாடிகளின் கைப்பிடிச் சுவர் சில இடங்களில் முழங்கால் உயரம்தான். ஜாலி (துளையிட்ட கல்தட்டி) பதித்த மாடங்களில் குழந்தை ஏறி நிற்க வாகான திண்ணை இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் மாடியை ஒட்டிய அறை வேண்டாம், முற்றத்தை ஒட்டிய தரைத்தள அறையே நல்லது. பத்து வயதுக்கு மேல் என்றால் அவர்களுக்கு இதைவிடக் கொண்டாட்டமான இடம் இல்லை.

எந்த மாதம் போகலாம்?

அக்டோபர் கடைசி முதல் மார்ச் நடு வரை. இதில் நவம்பரும் பிப்ரவரியும் சிறந்தவை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரவில் 5 டிகிரிக்கு இறங்கும், மண்டாவா இருக்கும் ஷேகாவதிப் பகுதியில் சில நாள் உறைநிலைக்கும் கீழே போகும். சென்னைக்காரர்கள் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். இரண்டு மூன்று அடி கனமுள்ள கல்சுவர் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் பகல் வெயில் உள்ளே எட்டாது. வெளியே முற்றத்தில் 22 டிகிரி இருக்கும்போது அறைக்குள் 14 இருக்கலாம். ஹீட்டர் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் வராது. கம்பளிக் காலுறை கட்டாயம். தரைதான் முதலில் கடிக்கும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை கட்டணம் வெகுவாக இறங்கும், வெயில் 40ஐத் தாண்டும். கல் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில் விடுவதால், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறைகள் நள்ளிரவு வரை அனலாக இருக்கும். கோடையில் போனால் கீழ் அடுக்கு அறைதான். கிடங்காக இருந்த ஜன்னல் குறைந்த அறைகள் அப்போது சொர்க்கம். ஆகஸ்டில் மழை பெய்திருந்தால் ஆரவல்லி மலை பச்சையாகிவிடும். உதய்ப்பூர்ப் பக்கக் கோட்டைகளுக்கு அது கெட்டிக்காரத்தனமான தேர்வு.

கட்டணம், வரி எப்படிக் கணக்கிடுவது?

ஓரிரவு அறை வாடகை ரூ.7,500 வரை என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்). ரூ.7,400 அறை வரியோடு ரூ.7,770 ஆகும். ரூ.7,900 அறை ரூ.9,322 ஆகிவிடும். ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்தைந்நூறைத் தாண்டுகிறது பாருங்கள். எல்லைக்கோட்டுக்கு அருகே இருக்கும் அறைகளில் வரி சேர்ந்த மொத்தத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

உணவுத் திட்டத்தின் சுருக்கெழுத்துகள்: இ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலை உணவோடு, எம்.ஏ.பி. என்றால் காலையும் இன்னொரு வேளையும், ஏ.பி. என்றால் மூன்று வேளையும். ஊரில் வேறு உணவகம் இல்லாத இடத்தில் எம்.ஏ.பி. எடுப்பது மலிவு. நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலிருக்கும் நீம்ரானாவில் சி.பி. போதும்.

டிசம்பர் 24, 31 இரவுகளில் ‘காலா டின்னர்’ என்று தலைக்கு இவ்வளவு எனக் கட்டாயக் கட்டணம் சேர்ப்பது பரவலான வழக்கம். பதிவுத் தளத்தின் விலையில் அது தெரியாது. அந்த வாரத்துப் பதிவுகளுக்குப் பணம் திரும்பாது என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும்.

அமைதிக்காகப் போனால் ஒரே பேண்டு வாத்தியம் என்கிறார்களே?

உண்மை. கோட்டை ஓட்டல்களுக்குக் கல்யாண வருமானம் பெரிது. கோட்டை முழுவதையும் கொடுத்தால் உங்களுக்கு அறையே கிடைக்காது, அது பரவாயில்லை. முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டு மீதியை வெளியாருக்கு விற்கும்போதுதான் தொல்லை: நீச்சல்குளம் மூடியிருக்கும், மேல் முற்றத்துக்கு விடமாட்டார்கள், பஃபேயில் வரிசை நீளும்.

முகூர்த்தக் கணக்கு தெரிந்தால் தப்பலாம். ஆடி முதல் ஐப்பசி வரை வரும் சாதுர்மாசத்தில் வடக்கே கல்யாணம் இல்லை. கார்த்திகை வளர்பிறை ஏகாதசியில், அதாவது நவம்பர் வாக்கில், சீசன் தொடங்கும். நமக்கு மார்கழி ஆகாததுபோல அவர்களுக்கும் டிசம்பர் நடு முதல் ஜனவரி நடு வரை ‘கர்மாஸ்’, நல்ல காரியம் செய்யமாட்டார்கள். ஆகக் கல்யாணச் சத்தம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரைக்கும், பொங்கலுக்குப் பிறகு மார்ச் தொடக்கம் வரைக்கும். பதிவின்போதே “அந்தத் தேதியில் கல்யாணமோ கம்பெனி நிகழ்ச்சியோ உண்டா?” என்று எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளி ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிக்கு மேல் சட்டப்படி தடை, அதைச் சொல்லிக் கேட்கலாம்.

எப்படிப் போய்ச் சேருவது?

சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கோ டெல்லிக்கோ விமானம், பிறகு கார். நீம்ரானா டெல்லி–ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையை ஒட்டியது, டெல்லியிலிருந்து சுமார் 120 கி.மீ. குருகிராம் நெரிசலைத் தாண்டவே ஒரு மணி நேரம் போகும், ஆகவே கிலோமீட்டரை நம்பாமல் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஷன்கட் ஜெய்ப்பூருக்கு அருகில், மண்டாவா ஜெய்ப்பூரிலிருந்து 170 கி.மீ. அளவில், தேவிகட் உதய்ப்பூரிலிருந்து 30 கி.மீ.க்குள்.

ஜனவரியில் டெல்லி மூடுபனியால் காலை விமானங்கள் தாமதமாகும். அந்த மாதம் ஜெய்ப்பூர் வழியே போவது நல்லது. எந்த மாதமானாலும் இருட்டும் முன் சேருங்கள். கடைசி 5 கி.மீ. ஊர்ச்சந்தாக இருக்கும். ஆடு, ஒட்டகவண்டி, விளக்கில்லாத டிராக்டர் எல்லாம் அதில் வரும். கூகுள் வரைபடம் சில கோட்டைகளின் பின்வாசலுக்கு, கார் நுழைய முடியாத சந்துக்கு, கொண்டுபோய் விடும். வழியை ஓட்டலில் கேட்டு டிரைவரிடம் கொடுங்கள்.

வெந்நீர் வரவில்லை, வைஃபை இல்லை, மின்சாரம் துண்டிக்கிறது. இந்த விலைக்கு இதுதானா?

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, சிலவற்றுக்கு வழியும் உண்டு.

வெந்நீர்: பொதுக் கொதிகலனிலிருந்து நீண்ட குழாய் வழியே வருமானால் முதல் ஐந்து நிமிடம் குளிர்ந்த நீர்தான் வரும். மூன்று நிமிடத்தில் மூடிவிட்டு “வரவில்லை” என்பவர்கள் பாதிப்பேர். அறையிலேயே கீசர் என்றால் கொள்ளளவைக் கேளுங்கள். 15 லிட்டர் என்றால் ஒருவர் ஷவருக்கே சரியாக இருக்கும், வாளியில் குளித்தால் இருவருக்கு வரும். வாளி கேட்டால் தருவார்கள்.

தண்ணீர்: நிலத்தடி நீர் கடினமானது. சோப்பு நுரைக்காது, தலைமுடி வறளும். வாய் கொப்பளிக்கவும் குழந்தைக்கும் வடிகட்டிய நீரையே பயன்படுத்துங்கள். ராஜஸ்தானின் பல பகுதிகளில் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம்.

வைஃபை, செல்போன்: அந்தக் கல்சுவரை ரேடியோ அலை தாண்டாது. அறைக்கு ஒரு ரூட்டர் வைத்தால்தான் தீரும், அதை எல்லாரும் செய்வதில்லை. வேலை பார்க்க வேண்டுமென்றால் முற்றத்திலோ ஜரோக்காவிலோ உட்காருங்கள்.

மின்சாரம்: ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடிகள் ஆகும், அவ்வளவுதான். ஆனால் ஹீட்டர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி மூன்றையும் சேர்த்துப் போட்டால் உங்கள் அறை எம்.சி.பி. (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழும். அதற்கு ஓட்டலைக் குறை சொல்ல முடியாது.

சுவர்: பளபளவென்று சில்லிட்ட வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அது ‘ஆராயிஷ்’ பூச்சு. நீற்றிய சுண்ணாம்பில் பளிங்குத் தூள் கலந்து, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. செட்டிநாட்டுச் சுவர் பார்த்தவர்களுக்கு இந்த வழவழப்பு புதிதல்ல. அதில் டேப் ஒட்டாதீர்கள், ஈரத்துணி சாய்க்காதீர்கள். ஒருமுறை கறை ஏறினால் அந்தப் பட்டையை முழுக்கச் சுரண்டிப் பூச வேண்டும்.

குரங்கு, வௌவால், பல்லி?

மூன்றும் உண்டு. குரங்குக்குப் பயந்து ஜன்னலை மூடுங்கள். மாடியில் தட்டோடு உட்கார்ந்தால் ஊழியர் ஒருவர் கம்போடு நிற்பார், அவர் அழகுக்கு நிற்கவில்லை. கவனிக்க வேண்டியது உயர்ந்த வளைவுகளில் தொங்கும் மலைத்தேன் கூடுகள். கீழே புகை பிடிப்பதும் கல் எறிவதும் கூடாது. பட்டாசு வெடிக்கும் விருந்தினர் அருகிலிருந்தால் உள்ளே போய்விடுங்கள்.

சாப்பாடு நமக்கு ஒத்துக்கொள்ளுமா?

சைவர்களுக்குக் கவலையே இல்லை. கேர் சாங்க்ரி, கட்டே கறி, தால் பாட்டி சூர்மா, கம்பு ரொட்டி, மோர்க் கடி என்று பாலைநிலத்துச் சமையல் பெரும்பாலும் சைவம்தான். காய்கறி விளையாத ஊரில் உலர்ந்த காயையும் கடலைமாவையும் மோரையும் வைத்து உருவான சமையல் அது. அசைவத்தில் லால் மாஸ் என்ற ஆட்டிறைச்சிக் குழம்பு: காரம் மிளகாயிலிருந்து மட்டும் வரும், நம் ஊர் மிளகுக் காரத்தைவிடத் தாமதமாக ஏறும். பஃபேயில் இட்லி வைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

சோறு ரொட்டிக்குப் பிறகுதான் வரும். முதலிலேயே வேண்டுமென்றால் சொல்லுங்கள். குழந்தைக்குக் குழைந்த கிச்சடியும் தயிரும் ஒரு மணி நேரம் முன்னதாகச் சொன்னால் எந்தக் கோட்டையிலும் செய்து தருவார்கள். மாடியில் விளக்கொளியில் இரவு உணவு அழகுதான், ஆனால் சமையலறை சில அடுக்குகள் கீழே இருந்தால் ரொட்டி ஆறித்தான் வரும். சூடான ரொட்டி வேண்டுமா, காட்சி வேண்டுமா என்று தீர்மானித்துக்கொண்டு உட்காருங்கள்.

மது அருந்துபவர்களுக்கு: மாநிலத்தில் மதுக்கடைகள் இரவு 8 மணிக்கு மூடிவிடும். ஓட்டல் பாருக்கு உரிமம் உண்டா என்று முன்பே கேளுங்கள்.

என்ன ஆவணம், எவ்வளவு டிப்ஸ்?

இந்தியர்களுக்கு ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை இவற்றில் ஒன்று, அறையிலிருக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும். பான் அட்டையில் முகவரி இல்லாததால் ஏற்கமாட்டார்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டில் வருபவர்கள் அசல் கடவுச்சீட்டும் விசா அச்சுப்படியும் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை ஓட்டல் அரசுக்குப் பதிவேற்ற அவை தேவை.

டிப்ஸுக்கு வரவேற்பில் பொதுப்பெட்டி இருக்கும். புறப்படும்போது மொத்தமாக அதில் போடுவதே முறை. சமையலறைக்கும் துணி துவைப்பவர்க்கும் அதிலிருந்துதான் பங்கு போகிறது. பெட்டிகளை அத்தனை படி தூக்கி வந்தவருக்கு மட்டும் கையில் கொடுங்கள்.

தங்காமல் பார்த்துவிட்டு மட்டும் வர முடியுமா?

நீம்ரானாவில் பகல் நேரப் பார்வைக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. பக்கத்து மலையிலிருந்து கம்பியில் சறுக்கும் ‘ஜிப்லைன்’ தனிக் கட்டணம். ஊருக்குள் இருக்கும் ஒன்பது அடுக்குப் படிக்கிணற்றை மேலிருந்து பார்க்கக் காசில்லை, முற்பகலில் போங்கள். மற்றக் கோட்டைகளில் மதிய உணவுக்கு முன்பதிவு செய்தால் பொது முற்றங்களைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள். பிஷன்கட், பர்வாடா போன்ற மேல்தட்டு இடங்களில் முன்பதிவு இல்லாமல் வாசல் காவலைத் தாண்ட முடியாது. டிரோன் எங்குமே அனுமதி வாங்காமல் பறக்கவிடக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், உடைமாற்ற அறை வேண்டுமென்றால் அதற்கும் சேர்த்து.